கஷ்டம் சார்

மன்னார்ப் பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் இங்கிலீஷில் கொட்டாவி விட்டு, இங்கிலீஷில் தும்மி, வீதியின் குறுக்கே படுத்திருக்கும் மாட்டை “எக்ஸ்கியூஸ் மீ, மேடம்” என்று சொல்லி எழுப்பியவர் ஒருவர்தான். மாடும் எழும்பி வழிவிடும். நாங்கள் சைக்கிள் மணியை உடையும் மட்டும் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டுகிற அதே மாடு.

அவருடைய உண்மைப் பெயரை நானும் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு நீளமான பெயர் சொன்னார். அடுத்த நாளே மறந்துவிட்டது. ஊருக்கு அவர் ‘கஸ்டம்ஸ்’. தலைமன்னார் இறங்குதுறையில், இந்தியாவுக்குக் கப்பலேற வரும் சனங்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்து, வெண்கட்டியால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டு அனுப்புகிற வேலை அவருக்கு. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, வெள்ளைத் தொப்பி. தாழ்வுபாட்டுக் கிராமத்தில் கருவாடு காயப்போடும் மீனவர் வாடிகளுக்கு நடுவே ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். அதனால் ஆளைப் பார்த்தால் கப்பல் கப்டன், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சூடைக் கருவாடு.

சண்டை தொடங்கியதும் கப்பல் நின்றது. கஸ்டம்ஸ் நிற்கவில்லை. காலையில் வெளிக்கிட்டு, சைக்கிளில் தலைமன்னார் வரை போய், வெறும் மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் பொழுது சாயும் மட்டும் நின்றுவிட்டு வருவார். “கப்பல் தற்செயலா வந்திட்டால் நான் இல்லாட்டி என்ன மரியாதை?” என்பாராம். கடைசியில் இறங்குதுறைப் பக்கம் ஒருவரும் வரக்கூடாது என்று படைக்காரர் முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். கஸ்டம்ஸ் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்தில்தான் என் பள்ளிக்கூடம் இருந்தது.

எனக்கு அது முதல் நியமனம். மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி, பெருநிலத்தில், வங்காலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலை. ஒரு சிஸ்டர்தான் தலைமை ஆசிரியை. இங்கிலீஷ் படிப்பிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. நான் போன அந்த வருடமே மலைநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கத் தொடங்கியது. கலவரத்தில், தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் குடியிருந்த லயன்களை எரித்ததும், உயிர் தப்பினால் போதும் என்று லொறிகளில் வந்தவர்கள். வயல் ஓரங்களில் கொட்டில் போட்டு, கூலி வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மன்னார் வெயிலில், கம்பளிச் சுவெற்றர் போட்டுக்கொண்டு.

முதல்நாள் நான் சிரித்துவிட்டேன். “கழற்றுங்கோ பிள்ளையள், அவிஞ்சு போவியள்” என்றேன். ஒருத்தரும் கழற்றவில்லை. பிறகுதான் விளங்கியது, சுவெற்றருக்குக் கீழே சட்டை இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவர்களைத் தங்கள் வாங்குப் பலகையில் இருக்க விடமாட்டார்கள். அவர்களைச் சொல்ல ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. போதாததற்கு இங்கிலீஷ். ஊர்ப் பிள்ளைகள் சிஸ்டர்மாரிடம் பாட்டும் கதையுமாகக் கொஞ்சம் கற்றிருந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆண்டிறுதியில் இங்கிலீஷ் வராதவர்களை மேல்வகுப்புக்கு ஏற்ற முடியாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பாலர் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினால் அது எத்தனை நாள் வரும்? நேரே வயலுக்குக் களை பிடுங்கத்தான் போகும். நானோ ஒருத்தி. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழி பிதுங்கி நின்றேன்.

அப்படி ஒரு காலையில்தான் வெள்ளைத் தொப்பி ஒன்று சிஸ்டருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

“சிஸ்டர், ஐ ஆம் ரிப்போர்ட்டிங் ஃபோர் டியூட்டி.”

“ஆர் உங்களை வரச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினமில்லை. அதுதான் நானா வந்தனான்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சம்பளம் கேட்காத வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லும்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தென்னோலைக் கிடுகுக் கொட்டிலும் வந்த பிள்ளைகளும் அவர் பொறுப்பு என்று ஆயிற்று. நான் மேற்பார்வை.

முதல் வேலையாக மேசையை இழுத்துக் கொட்டில் வாசலுக்குக் குறுக்கே போட்டார். பிள்ளைகள் வரிசையில் வரவேண்டும். பையை மேசையில் வைக்கவேண்டும்.

“ஓப்பன், ப்ளீஸ். வாட் இஸ் இன் யுவர் பேக்?”

பிள்ளைகள் முழித்தார்கள். அவரே பைக்குள் கையை விட்டு எடுத்தார். “சிலேட். ஒன் சிலேட். சொல்லு.”

“ஒன் சிலேட்.”

“ரொட்டி. ஹாஃப் ரொட்டி.”

“ஆஃப் ரொட்டி.”

எல்லாம் சொல்லி முடித்தால் பையில் வெண்கட்டியால் ஒரு பெரிய புள்ளடி. “பாஸ்ட்! நெக்ஸ்ட்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன சேர் இது, துறைமுகமோ? ஏ ஃபோர் அப்பிள் எண்டு ஒழுங்காத் தொடங்குங்கோவன்” என்றேன்.

கஸ்டம்ஸ் அதிர்ந்துபோனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரீச்சர், அப்பிள் தடைசெய்யப்பட்ட பொருள். பழம், விதை, செடி ஒண்டும் உள்ளுக்கு வரேலாது. நீங்கள் என்ன, பிள்ளையளுக்கு முன்னால இப்பிடிக் கதைக்கிறியள்?”

அவருடைய கொட்டிலில் கடைசி மட்டும் ஏ என்ற எழுத்துக்குப் பழம் இல்லை. ‘ஏ ஃபோர் அரைவல்’ என்றுதான் பிள்ளைகள் படித்தார்கள். டி என்றால் டிப்பார்ச்சர்.

ஆனால் ஒன்று. பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளடியில் பைத்தியம் பிடித்துவிட்டது. பையில் சொல்வதற்குச் சாமான் வேண்டும் என்பதற்காக வருகிற வழியில் கண்டதையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிப்பி, ஆணி, பனங்கொட்டை, உடைந்த குடைக் கம்பி. முன்பல் இரண்டும் இல்லாத லெச்சுமி என்ற சின்னப் பெட்டை ஒருநாள் உயிர் நண்டைக் கொண்டுவந்தாள்.

“வாட் இஸ் திஸ்?”

“ஒன் கிராப், சார். அலைவ்.”

“பெர்சனல் யூஸா, ஃபோர் சேலா?”

லெச்சுமி யோசித்தாள். “பெர்சனல், சார். அம்மா கொளம்பு வைக்கும்.”

‘கஸ்டம்ஸ்’ என்பது அந்தப் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. ‘கஷ்டம் சார்’ என்றார்கள். அவரும் திருத்தவில்லை. எனக்கும் அதுவே பொருத்தமாகப் பட்டது. வெயிலில் வேர்த்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு முதுகில் ஒட்டிக்கிடக்க, அந்த மனிதர் நிற்கிற நிலையைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

பிள்ளைகள் எல்லாருக்கும் முதலில் பாடமான வசனம் ‘நத்திங் டு டிக்ளேர்’. மறைத்து வைத்த சாமான் ஒன்றும் என்னிடம் இல்லை என்று பயணிகள் சொல்கிற வாசகம். அதைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் பாவித்தார்கள். காய்ச்சலென்று மருந்துச் சாலைக்குப் போன பிள்ளையிடம் அப்போதிக்கரி “என்ன செய்யுது?” என்று கேட்க, பிள்ளை நிமிர்ந்து நின்று “நத்திங் டு டிக்ளேர்” என்றதாம். அப்போதிக்கரி பயந்துபோய் இரண்டு மடங்கு குளிசை கொடுத்து அனுப்பினார்.

பிறகு கல்விக் கந்தோரிலிருந்து இங்கிலீஷ் வகுப்புப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். தடித்த ஆள், கையில் தோல் பை. சிஸ்டர் முன்னே, நான் பின்னே. கொட்டில் வாசலில் மேசை. மேசைக்குப் பின்னால் அன்றைய முறைக்கு லெச்சுமி, கஸ்டம்ஸின் தொப்பியைக் கண்வரை போட்டுக்கொண்டு.

“குட் மோர்னிங், சார். ஓப்பன், ப்ளீஸ்.”

பெரியவர் சிரித்தார். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துப் பையை மேசையில் வைத்தார். லெச்சுமி திறந்தே விட்டாள்.

“டிரை ஃபிஷ். டூ பார்சல்.” கை இன்னும் உள்ளே போனது. “பாட்டில். ஒன்.” முகர்ந்து பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த மணம் தெரியாதா? “லிக்கர், சார். ஃபோர் பெர்சனல் யூஸ் ஓர் ஃபோர் சேல்?”

சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டார். பெரியவரின் முகம் வெந்த இறாலாகிவிட்டது. கஸ்டம்ஸ் மட்டும் அசையவில்லை. “சார், தி ஆஃபிசர் இஸ் வெயிட்டிங் ஃபோர் யுவர் ஆன்சர்” என்றார்.

“பெர்சனல்” என்று முனகினார் பெரியவர்.

தோல் பையில் ஒரு புள்ளடி விழுந்தது. “பாஸ்ட்! நெக்ஸ்ட்!” அடுத்தது சிஸ்டர்.

பெரியவர் அரை மணித்தியாலத்தில் போய்விட்டார். பிள்ளைகளின் பேச்சுத் திறன் மிகத் திருப்தி என்று எழுதிப் போட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கிடுகு இடுக்கால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சில நாளில் அவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தங்களையும் சோதிக்கச் சொல்லி.

ஒரு பிள்ளை மட்டும் மேசைக்குக் கிட்ட வரவில்லை. பாக்கியம். ஒன்பது பத்து வயது, மாச்சாக்கில் தைத்த பை, எல்லாப் பொத்தானும் போட்ட பழுப்புச் சுவெற்றர். முதல்நாள் வரிசையில் வந்தாள். கஸ்டம்ஸ் “ஓப்பன், ப்ளீஸ்” என்றதும் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு வரிசைக்கே வரவில்லை. கொட்டிலுக்கு வெளியே பூவரசுக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள். மணி அடித்தால் வீட்டுக்குப் போவாள். மற்றப் பாடங்களெல்லாம் என்னோடு நன்றாகப் படிப்பாள். கணக்கில் கெட்டிக்காரி. இங்கிலீஷ் நேரம் வந்தால் பூவரசு.

“உள்ளுக்கு விடுங்கோ சேர். பையில என்ன இருந்தால் உங்களுக்கென்ன?” என்று கேட்டேன்.

“சோதிக்காமல் விடேலாது, ரீச்சர். சட்டம். பிள்ளை டிட்டெயின்ட்.”

நான் தாயைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

தாய் வயலில் இருந்து நேரே வந்தாள். முழங்கால் மட்டும் சேறு. பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டில் பக்கமாக வந்தவள், மேசைக்குப் பின்னால் நின்றவரைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“என்னம்மா?” என்றேன்.

“இவருதாங்க.”

“ஆர்?”

“கப்பக்காரரு. எங்க வூட்டுக்காரரு பொட்டிய தொறந்தவரு.”

அவள் சத்தம் போடவில்லை. யாரையோ பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். இரண்டு அரசாங்கமும் பேசி இந்தியாவுக்கு அனுப்புகிற தோட்டச் சனங்களில் புருஷனுக்கு மட்டும் கடவுச்சீட்டு வந்ததாம். அவளுக்கும் பிள்ளைக்கும் வரவில்லை. கொஞ்ச நாளில் வந்துவிடும், நீ முன்னால் போ என்று கந்தோரில் சொன்னார்களாம். வழியனுப்ப ரயிலில் தலைமன்னார் வரை வந்திருக்கிறாள், அப்போது நடக்கிற வயதுப் பாக்கியத்தோடு.

“நாந்தாங்க ஒரு தலகாணி தச்சுக் குடுத்தேன். எலவம் பஞ்சு. அந்த ஊருல போயி எதுல தல வச்சுப் படுப்பாருன்னு. இவரு கத்தியெடுத்துக் கிழிச்சுப்புட்டாரு. தங்கம் இருக்கான்னு பாத்தாங்களாம். எங்ககிட்ட ஏதுங்க தங்கம்? கடக்காத்துங்க அங்க. பஞ்செல்லாம் பறந்துருச்சு. அந்த மனுசன் அத ஓடி ஓடிப் பொறக்குறாரு. கப்ப ஊதிருச்சு. தள்ளி ஏத்திட்டாங்க. பஞ்சப் பொறக்குனதுல புள்ள மொகத்தக்கூடப் பாக்காமப் போயிட்டாருங்க.”

அதற்குப் பிறகு கடவுச்சீட்டு வரவில்லை. கலவரம் வந்தது. கப்பலும் நின்றது. “மன்னாருக்குப் போனா இந்தியா வெளக்கு தெரியும்னாங்க. அதான் இங்கிட்டு வந்தோம். ஒண்ணும் தெரியல.”

கஸ்டம்ஸ் கையிலிருந்த வெண்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை.

“எனக்கு ஞாபகம் இல்லை, அம்மா” என்றார் கடைசியில். “எத்தினை தலையணை கிழிச்சனான் எண்டு எனக்குத் தெரியாது. மேலிடத்து உத்தரவு. சோதிக்கச் சொன்னால் சோதிக்கவேணும். நான் ஆக்களின்ர முகத்தைப் பார்க்கிறேல்லை. பெட்டியைத்தான் பார்க்கிறனான். முகத்தைப் பார்த்தால் அந்த வேலையைச் செய்யேலாது.”

“அப்ப இப்பப் பாருங்க. இதுதான் அந்தப் புள்ள” என்றாள் தாய்.

பாக்கியத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். கஸ்டம்ஸ் பார்த்தார். பிள்ளையும் பார்த்தது. இரண்டு பேரில் யார் முதலில் கண்ணை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிள்ளைகள் பைகளோடு வரிசையில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். இனி வரமாட்டார் என்று நான் சிஸ்டரிடம் சொன்ன நேரம், சைக்கிள் வந்தது. தொப்பி இல்லை. தலை நடுவில் வழுக்கை என்று அன்றைக்குத்தான் கண்டோம். நேரே போய் மேசையைச் சுவரோடு தள்ளினார். வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து பார்த்தார்.

“கம் இன். சிட் டவுன். ஹேவ் யூ ஈட்டன்?”

சாப்பிட்டாயா என்று இங்கிலீஷில் அவர் கேட்டு அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் பிடிக்கவில்லை. “பொட்டி வெளாட்டு வெளாடலாம் சார்” என்று லெச்சுமி அழுதாள். அவர் மசியவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த மூன்று வசனம்தான். இல்லை என்று சொன்ன பிள்ளைகளுக்குத் தாழ்வுபாட்டுப் பேக்கரியிலிருந்து பாண் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். இல்லை என்று சொன்னவர்கள் கன பேர்.

பாக்கியம் உள்ளே வந்தாள். கடைசி வாங்கில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வாய் திறக்கவில்லை.

பிறகு பாலத்தில் நடந்தது. அந்த நாட்களில் தீவிலிருந்து பெருநிலத்துக்கு வருகிற எல்லாரும் பாலத்துக் காவலரணில் இறங்கி, பையைத் திறந்து காட்டி நடக்கவேண்டும். கஸ்டம்ஸ் தினமும் அப்படித்தான் வந்து போனார். அன்றைக்கு வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. காவலில் புதிதாக வந்த ஒரு இளம் சிப்பாய். அவளுடைய கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, காலால் தட்டிப் பார்த்திருக்கிறான். பின்னால் நின்ற தாழ்வுபாட்டு மீன்காரர்தான் மிச்சத்தை எங்களுக்கு வந்து சொன்னார்.

“எங்கட மனிசன் சும்மா நிண்டிருக்கலாம். முன்னுக்குப் போய் அவனுக்கு இங்கிலீஷில வகுப்பு எடுக்குது. ‘சன், லுக் அட் த ஃபேஸ் ஃபர்ஸ்ட். தென் த பேக்’ எண்டு. முகத்தைப் பார்த்திட்டுப் பையைப் பாரெண்டு. அவனுக்கு என்ன விளங்கிச்சுதோ தெரியாது. துவக்குப் பிடியால ஒண்டு போட்டான், காதடியில. இது விழுந்து எழும்பி, ‘ஐ வாஸ் இன் த சேம் சர்விஸ்’ எண்டுது. பிறகு ஜீப்பில ஏத்திக்கொண்டு போட்டாங்கள், ரீச்சர்.”

சிஸ்டர் முகாம் வாசலில் போய்க் கேட்டார். இல்லை என்றார்கள். குருவானவரை அனுப்பினார். அவருக்கும் இல்லை என்றார்கள். அந்தக் காலத்தில் இல்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். நான் கொட்டிலில் போய்ப் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லயன்கள் எரிந்த இரவைக் கண்ட பிள்ளைகளுக்கு, ஒரு ஆள் வராவிட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. பாக்கியம் மட்டும் திரும்பவும் பூவரசுக்குக் கீழே போய் இருந்தாள். இந்த முறை வீதியைப் பார்த்துக்கொண்டு.

சில கிழமைகள் கழித்து, ஒரு முற்பகல், அந்த வீதியால் அவர் நடந்து வந்தார். சைக்கிள் இல்லை. வெள்ளைச் சேட்டுக்குப் பதில் யாரோ கொடுத்த சாரமும் பெனியனும். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. வந்து கொட்டில் வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று எங்களைக் கேட்பது போல நின்றார்.

பூவரசடியில் இருந்த பாக்கியம்தான் எழும்பிப் போனாள்.

“கம் இன், சார்” என்றாள். “சிட் டவுன். ஹேவ் யூ ஈட்டன்?”

அவள் சொன்ன முதல் இங்கிலீஷ் அதுதான். ஆனால் அவள் நின்றது இடது பக்கம். அவருக்குக் கேட்கவில்லை.

“ஆ?” என்றார்.

“ஹேவ் யூ ஈட்டன்!”

“என்ன சொல்லுறாய்?”

லெச்சுமி எழும்பினாள். முழு வகுப்பும் எழும்பியது. கிடுகு பறக்கும்படியாக எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். “ஹேவ் யூ ஈட்டன், சார்!” வேலிக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர் பதறி இறங்கி, “ஓம், ஓம், சாப்பிட்டிட்டன்!” என்று பதில் கத்தினார்.

கஸ்டம்ஸ் வாங்கில் இருந்தார். “நோ” என்றார். “நோ, மை டியர். நொட் யெட்.”

பாக்கியம் மாச்சாக்குப் பையைத் திறந்தாள். இத்தனை காலமும் ஒருவருக்கும் காட்டாத பை. நானும் எட்டிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஒரு சிலேட்டும் அரை ரொட்டியும்தான் இருந்தன. ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். மென்று தின்ன வலித்திருக்கவேண்டும், கண்ணால் தண்ணீர் ஓடியது.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலில் இங்கிலீஷ் என்றால் கத்துகிற பாடம் என்று ஆகிவிட்டது. பக்கத்து வயலில் வேலை செய்கிறவர்கள்கூட ‘சிட் டவுன்’ சொல்லப் பழகிவிட்டார்கள். ஆண்டிறுதியில் அந்தப் பிள்ளைகளில் அநேகரை மேல்வகுப்புக்கு ஏற்றினோம். வாய்மொழிச் சோதனைக்கு வந்த அதிகாரி, “பிள்ளையள் நல்லாச் செய்யுதுகள், ஆனால் ஏன் என்னோட சண்டைக்கு வருகுதுகள்?” என்று சிஸ்டரைக் கேட்டார்.

கதை அங்கேயே நல்லபடி முடிந்திருக்கலாம். சண்டை முடியவில்லை. சில காலம் ஓய்ந்தது போலக் காட்டிவிட்டு, பழையதைவிட மோசமாகத் தொடங்கியது. வயல் ஓரத்துக் கொட்டில்களில் ஷெல் விழுந்தது. இரண்டாம் முறையும் அந்தச் சனம் மூட்டை கட்டியது. சிலர் காட்டுப் பக்கம் போனார்கள். சிலர் கடல் பக்கம். பாக்கியத்தின் தாய் படகேறித் தானே இந்தியாவுக்குப் போய்ப் புருஷனைத் தேடுவது என்று முடிவெடுத்தாள். பாக்கியம் அப்போது வளர்ந்து, சுவெற்றரெல்லாம் போய், பாவாடை சட்டையோடு நின்றாள். கொட்டிலில் படித்த பிள்ளைகளில் கடைசியாக மிஞ்சியிருந்தவள் அவள்தான்.

விடிந்தும் விடியாத நேரம் கரையில் நின்றோம், கஸ்டம்ஸும் நானும். அவர்களுடைய ஒரே பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். நாங்கள் கேட்டும் தரவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுபோய், நனையாமல் படகில் வைத்தார்.

“நீங்களும் வாங்க சார். இங்க இனிமே என்னா இருக்கு?” என்றாள் தாய்.

“அங்க எனக்கு ஆர் இருக்கினம், அம்மா?”

“இங்க மட்டும் யாரு இருக்கா?”

அவர் பாக்கியத்தைப் பார்த்துத் திரும்பினார். “அந்தக் கரையில ஏன் வந்தனி எண்டு கேட்பினம். இங்கிலீஷில கேட்டால் தலையைக் குனியாதே. ‘ஐ ஹேவ் கம் டு ஸீ மை ஃபாதர்.’ சொல்லு பார்ப்பம்.”

“ஐ ஹேவ் கம் டு ஸீ மை ஃபாதர்.”

“கேட்கேல்லை!”

“ஐ ஹேவ் கம் டு ஸீ மை ஃபாதர்!”

படகோட்டி இயந்திரத்தை முடுக்கினார். படகு விலகியது. கஸ்டம்ஸ் தண்ணீரில் நின்றபடியே, “கேட்கேல்லை! இன்னொருக்கால்!” என்று கத்தினார். பிள்ளையும் கத்தினாள். அவர் திரும்பவும் கேட்கவில்லை என்றார். அவள் திரும்பவும் கத்தினாள். நல்ல காது கடல் பக்கமாகத்தான் இருந்தது. அவருக்கு வடிவாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். படகு ஒரு புள்ளியாகி, எனக்கே ஒன்றும் கேட்காமல் போன பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள் என்று படகோட்டி வந்து சொன்னார். தகப்பனைக் கண்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கஸ்டம்ஸ் அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. ஊரே இடம்பெயர்ந்தபோது நானும் வீட்டாரோடு வேறு பக்கம் போய்விட்டேன். காட்டோரத்து அகதி முகாம் ஒன்றில் காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒரு வருடம் பிந்திக் கேள்விப்பட்டேன். அழுகிறதற்குக்கூட நேரம் பிந்திவிட்டது.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது நினைப்பது அந்த முகாமை அல்ல. படகு போன அந்தக் காலையைத்தான். நனைந்த சாரத்தோடு அவர் முன்னே, நான் பின்னே, மணலில் நடந்து வந்துகொண்டிருந்தோம். சிஸ்டர் முந்தின கிழமையே மடத்துக்குத் திரும்பிவிட்டார். கொட்டிலின் கிடுகில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. இனி வர ஒரு பிள்ளை இல்லை. வீதி ஏறும் இடத்தில் கஸ்டம்ஸ் நின்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ரீச்சர், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதோ?”

“ஓம், இருக்குது” என்றேன். “நேரத்தோட வாங்கோ. நானும் வாறன்.”